‘பாசிட்டிவ்’ சீட்டுக்குப் பிறகு: வேலூர் வட்டாரத்தில் புற்றுநோய் ஸ்க்ரீனிங்கும் சிகிச்சை முடித்தவர்களின் வாழ்வும்

2023 நவம்பரில் தமிழக அரசு ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய 4 மாவட்டங்களில் மக்களை அழைத்துப் பார்க்கும் புற்றுநோய் ஸ்க்ரீனிங்கைத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் போனது. முதலில் எடுத்த நான்கில் இரண்டு பழைய வட ஆற்காட்டு மண். 2019 வரை வேலூர் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தவை.

அதிலிருந்து ஒரே மாதிரியான செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. இத்தனை லட்சம் பேருக்குப் பார்த்தாயிற்று, அதில் இத்தனை பேர் பாசிட்டிவ். படிக்கிறவர்களில் பாதிப் பேர் பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று நடுங்குகிறார்கள். மீதிப் பேர், இவ்வளவு பேருக்குப் பார்த்தாயிற்றே, இனி நோய் குறைந்துவிடும் என்று நிம்மதியாகிறார்கள். இரண்டு முடிவுக்கும் அந்தச் செய்தியில் ஆதாரம் இல்லை. பார்த்தவர் எண்ணிக்கை என்பது பேருந்தில் ஏறியவர் எண்ணிக்கை. ஊர் போய்ச் சேர்ந்தவர் எத்தனை என்று அறிய இன்னும் மூன்று எண்கள் வேண்டும்: பாசிட்டிவ் ஆனவர்களில் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு வந்தவர் எத்தனை, நோய் உறுதியானவர்களில் சிகிச்சையை முழுதாக முடித்தவர் எத்தனை, முடித்தவர்கள் இன்று எப்படி இருக்கிறார்கள். கடைசி எண்ணை யாரும் கேட்பதே இல்லை. அதனால் இந்தக் கட்டுரையின் பின்பாதி அதைப் பற்றியது.

ஸ்க்ரீனிங் வேறு, நோயைக் கண்டறிவது வேறு

எந்தத் தொந்தரவும் இல்லாதவரைக் கூப்பிட்டுப் பார்ப்பது ஸ்க்ரீனிங். தொந்தரவோடு வருகிறவரைப் பார்ப்பது நோயறிதல். மார்பில் கட்டி தட்டுப்படுகிறது, தீட்டு நின்று ஓராண்டுக்குப் பிறகு உதிரம் படுகிறது, வாய்ப்புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லை என்றால் அவர் கேம்ப் தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது; நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கேம்பில் ‘நார்மல்’ என்று எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உதிரப்போக்கை ஆறு மாதம் பொறுத்துக்கொள்வதுதான் இந்தக் குழப்பத்தால் வரும் மிகப் பெரிய கேடு.

மத்திய அரசின் 2016 வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றை மட்டும் ஸ்க்ரீனிங்குக்கு எடுத்தது. ஏன் இந்த மூன்று? கண்ணுக்கோ கைக்கோ எட்டும் இடங்கள் இவை. முன்கூட்டிப் பிடித்தால் சிகிச்சையின் பலன் வெகுவாக மாறும். கர்ப்பப்பை வாயில் இன்னொரு வசதியும் உண்டு: புற்றாக மாறுவதற்கு முந்தைய நிலை பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேல் நீடிக்கிறது. வயிறு, நுரையீரல், கணையம் போன்றவற்றுக்கு இப்படி ஊர் முழுவதும் செய்யக்கூடிய எளிய சோதனை நம்மிடம் இல்லை.

வினிகர் சோதனை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது

கர்ப்பப்பை வாய்க்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடப்பது பெரும்பாலும் வி.ஐ.ஏ. எனப்படும் வினிகர் சோதனை. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்தை 3 முதல் 5 சதவீதக் கரைசலாகப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு முழு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்ப்பார்கள். மாறுதல் அடைந்த செல்கள் அடர்ந்த வெள்ளைத் திட்டாகத் தெரியும். அன்றே முடிவு சொல்லிவிடலாம் என்பதும் செலவு குறைவு என்பதும் இதன் பலம். அதன் பலவீனங்கள் வெளியே பேசப்படுவதில்லை:

1. கரைசல். 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலத்தை 95 மி.லி. வாலை வடிநீரில் கலந்தால் 5 சதவீதம் கிடைக்கும். இதை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நேற்றைய பாட்டில், அதுவும் வேலூர் கத்திரி வெயிலில் மூடி சரியாக மூடாத பாட்டில் என்றால் வலு குறைந்திருக்கும். வெள்ளைத் திட்டு தெரியாது.

2. நேரம். வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது ஒரு நிமிடம் என்பது நீண்ட நேரம். இருபது நொடியில் பார்த்துவிட்டு ‘நார்மல்’ போடுவதுண்டு.

3. வயது. வெள்ளைத் திட்டு தோன்றும் எல்லைக்கோடு தீட்டு நின்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயின் உள்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. அங்கே கண் போகாது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வி.ஐ.ஏ. ‘நார்மல்’ என்பதை அவ்வளவாக நம்ப முடியாததற்கு இதுவே காரணம்.

4. கண். சாதாரண அழற்சியும் வெளிறிய வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸுக்கும் புதியவருக்கும் விடை மாறும்.

இனி ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லுக்கு வருவோம். கணக்கு புரிவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்ளலாம். 1000 பெண்கள் வருகிறார்கள். அவர்களில் 20 பேருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றம் உண்டு. சோதனை 100-க்கு 60-ஐப் பிடிக்கும் என்றால் 12 பேர் பிடிபடுவார்கள், 8 பேர் தப்புவார்கள். மாற்றம் இல்லாத 980 பேரில் 100-க்கு 10 பேரைத் தவறாகப் பாசிட்டிவ் என்று காட்டினால் அது 98 பேர். ஆக, கையில் பாசிட்டிவ் சீட்டோடு 110 பேர். அவர்களில் உண்மையாகவே மாற்றம் உள்ளவர் 12 பேர். பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒருவர் யார் என்று கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியில் பார்த்து, தேவைப்பட்டால் பயாப்ஸி (சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது) எடுத்தால்தான் தெரியும். எதிர்ப்பக்கத்தில் 8 பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபடியும் வரச் சொல்வது அவர்களுக்காகத்தான்.

இந்த மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் மரபணுவைத் தேடும் சோதனை வி.ஐ.ஏ.வை விட அதிகம் பேரைப் பிடிக்கும், கண்ணை நம்பியும் இல்லை. பெண் தானே மறைவில் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் இதையே முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது. 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுக்கு ஒரு முறை போதும். சிக்கல் என்னவென்றால் முடிவு அன்றே கையில் கிடைக்காது. ஆய்வகத்துக்குப் போய்த் திரும்பி, அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். எச்.பி.வி. பாசிட்டிவ் என்பதும் புற்றுநோய் அல்ல. வைரஸ் இருக்கிறது என்று மட்டுமே பொருள். பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுக்குள் தானாகவே போய்விடும். கணவன்மார்களைச் சந்தேகிக்க இதை ஆதாரமாக எடுக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைக்க வேண்டும். வைரஸ் பல ஆண்டு முன்பே தொற்றியிருக்கலாம்.

மாற்றம் உறுதியானால் சிகிச்சை எளிது. திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிந்து, உள்குழாய்க்குள் போகாமல், புற்று என்ற சந்தேகமும் இல்லாமல் இருந்தால் சூடான முனையை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து அந்த இடத்தைச் சுட்டுவிடலாம். கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. ‘எதற்கு வம்பு, எடுத்துவிடலாம்’ என்று யாராவது சொன்னால் பயாப்ஸி அறிக்கை எங்கே என்று கேட்க வேண்டும்.

‘ஐந்து ஆண்டு உயிரோடு’ என்ற எண்ணின் பொறி

ஒரு பெண்ணுக்கு 2018-இல் மார்பில் கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது. 2022-இல் இறந்துவிடுகிறார். நோய் தெரிந்த பின் வாழ்ந்தது 4 ஆண்டு. அதே பெண்ணுக்கு 2016-இலேயே ஸ்க்ரீனிங்கில் கட்டி தெரிந்து, சிகிச்சை பலிக்காமல் அதே 2022-இல் இறக்கிறார் என்று வையுங்கள். இப்போது 6 ஆண்டு. ஐந்தாண்டு தாண்டியவர் பட்டியலில் அவர் சேர்ந்துவிட்டார். ஆனால் ஒரு நாள்கூடக் கூடுதலாக வாழவில்லை. நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த காலம்தான் இரண்டு ஆண்டு கூடியது.

ஆகவே ஸ்க்ரீனிங் பலன் தருகிறதா என்று பார்க்க, பார்த்த ஊரிலும் பார்க்காத ஊரிலும் அந்த நோயால் இறந்தவர் எத்தனை என்று ஒப்பிட வேண்டும். இந்தியாவில் இப்படி நடந்த பெரிய ஆய்வுகள் உலகம் முழுவதும் மேற்கோள் காட்டப்படுகின்றன. அவற்றில் ஒன்று நம் மாநிலத்தில் நடந்தது.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. செய்தார்கள். 2007-இல் முடிவு வெளியானது: ஒப்பீட்டுக் கிராமங்களை விடக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் சுமார் 1.31 லட்சம் பெண்களை வைத்து நடந்த ஆய்வில் (2009) ஒரே ஒரு எச்.பி.வி. சோதனை மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. ஆனால் அதே ஆய்வில் வி.ஐ.ஏ. பிரிவில் குறிப்பிடத்தக்க குறைவு தெரியவில்லை. மும்பையில் இரண்டு ஆண்டுக்கு ஒன்றாக நான்கு சுற்று வி.ஐ.ஏ. செய்தபோது மரணம் 31 சதவீதம் குறைந்தது. ஒரே சோதனை, ஓரிடத்தில் பலன், மற்றோரிடத்தில் இல்லை. மேலே சொன்ன கண், கை, கரைசல் சமாச்சாரம் ஏன் முக்கியம் என்பதை இந்த முரண்பாடே காட்டுகிறது. மருந்து மாத்திரைபோல் எங்கே கொடுத்தாலும் ஒரே வீரியம் கொண்டதல்ல வி.ஐ.ஏ.; செய்கிறவரின் பயிற்சியும் மேற்பார்வையும் அதன் வீரியம்.

வாய்ப் புற்றுக்குத் திருவனந்தபுரத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வு, புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடம் மரணம் 34 சதவீதம் குறைந்ததாகக் காட்டியது. மார்பகத்துக்கு மும்பையில் சுமார் 1.5 லட்சம் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்த ஆய்வு (2021), பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால் தடவிப் பார்ப்பதே கட்டியை முந்தைய கட்டத்தில் பிடிக்கிறது என்றும், 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தது என்றும் சொன்னது. 50-க்குக் கீழ் அந்தப் பலன் தெரியவில்லை.

வாயைப் பார்க்கும் முறை பற்றி ஒரு வரி. பல்செட்டைக் கழற்றாமல், நாக்கைத் துணியால் பிடித்து இரண்டு பக்கமும் திருப்பாமல், ‘ஆ’ காட்டச் சொல்லி டார்ச் அடித்துவிட்டு அனுப்பினால் அது பரிசோதனை இல்லை. ஹான்ஸ் புகையிலை அடக்கும் பழக்கம் உள்ளவர் எந்தப் பக்கம் அடக்குகிறார் என்று கேட்டு அந்தக் கன்னப் பையை விரித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டைவிடச் சிவந்த, வெல்வெட் போன்ற திட்டு ஆபத்து கூடியது. பாக்கு மெல்லுபவருக்கு வாய் திறப்பு குறைந்துகொண்டே வந்தால் அதுவும் எச்சரிக்கை.

சங்கிலி அறுபடும் இடங்கள்

2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் கர்ப்பப்பை வாய்ச் சோதனை ஒரு முறையாவது செய்துகொண்ட 30–49 வயதுப் பெண்கள் இந்திய அளவில் 1.9 சதவீதம், தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாம் முன்னிலையில் இருக்கிறோம். பத்தில் ஒன்று என்ற முன்னிலை. வேலூர் காந்தி ரோட்டில் வங்காளியில் எழுதிய பலகைகளைப் பார்க்கலாம்; வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு நாள் ரயிலில் வந்து சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குடியாத்தத்துப் பெண்ணுக்கு அந்தத் தூரம் ஏன் எட்டவில்லை என்பதற்குக் காரணங்கள் சின்னச் சின்னவை.

1. சீட்டில் எழுதிய போன் நம்பர் கணவருடையது அல்லது மகனுடையது. முடிவு அவர் காதுக்குப் போகிறது. ‘கர்ப்பப்பை’ என்ற சொல்லை நர்ஸ் அவரிடம் சொல்லத் தயங்குகிறார், அவர் அம்மாவிடம் சொல்லத் தயங்குகிறார்.

2. மறு பரிசோதனை நாள் வேலை நாளில் விழுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் லைனில் நிற்கும் பெண் ஒரு நாள் லீவு போட்டால் அந்த நாள் கூலியோடு வருகை போனஸும் போகலாம். பீடி சுற்றுபவருக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்குக் காசு இல்லை.

3. ‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க’ என்ற ஒரே வாக்கியம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியா, மாவட்டத் தலைமை மருத்துவமனையா, எந்தக் கிழமை, எந்த ஓ.பி., யாரைப் பார்ப்பது? ஜவ்வாது மலையில் புதூர்நாட்டிலிருந்து இறங்கி வருகிறவர் அந்த ஓ.பி. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் என்று அங்கே போய்த் தெரிந்துகொண்டால், இரண்டாவது முறை வருவது சந்தேகம்.

4. கட்டியைப் ‘பொட்டுனு எடுத்துவிட்ட’ சிறிய ஆபரேஷன். இதுதான் மருத்துவ ரீதியில் மிக மோசமான உடைப்பு. மார்புக் கட்டியை முதலில் ஊசி பயாப்ஸி செய்து என்னவென்று தெரிந்துகொள்ளாமல் அப்படியே வெட்டி எடுத்து, சில சமயம் எடுத்ததைப் பரிசோதனைக்கும் அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு அது புற்று என்று தெரிந்தால், கட்டி எவ்வளவு பெரிதாக இருந்தது, ஓரங்களில் மிச்சம் இருக்கிறதா, எந்த மருந்து கேட்கும் என்று சொல்லும் ஹார்மோன் வகையா, ஹெர்2 வகையா என்ற எந்தக் கேள்விக்கும் விடை இருக்காது. எந்தக் கட்டியை எடுத்தாலும் பயாப்ஸி அறிக்கையோடு, எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் (‘பிளாக்’) கண்ணாடி ஸ்லைடுகளையும் கேட்டு வாங்க வேண்டும். அடுத்த மருத்துவமனை முதலில் கேட்பது ‘பிளாக் கொண்டுவந்தீர்களா’ என்பதைத்தான்.

5. பாதியில் நிற்கும் ‘கரண்ட்’, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரத்துக்கு 5 நாள் வீதம் சுமார் 25 முறை. கூடவே வாரம் ஒரு கீமோ. பிறகு உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு. எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் நோய் அடங்கும் வாய்ப்பைச் சிறிது குறைக்கிறது. மூன்றாவது வாரத்திலேயே உதிரம் நின்றுவிடும். ‘சரியாயிடுச்சு, வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் சிரசு முடிச்சுட்டு வரேன்’ என்று போகிறவர், உள்கருவிச் சிகிச்சையை விட்டுவிட்டால், மேலே தணிந்து அடியில் நெருப்பு இருக்கும் கதைதான்.

வாழ்க்கைத் தரத்தை எப்படி எண்ணாக்குகிறார்கள்

சிகிச்சை முடிந்தவரிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்றால் ‘பரவாயில்லைங்க’ என்பார். அந்தப் ‘பரவாயில்லை’யைப் பிரித்துப் பார்க்க வினாத்தாள்கள் உள்ளன. அதிகம் புழங்குவது 1993-இல் வெளியான, ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் க்யூ.எல்.க்யூ. சி30 வினாத்தாள். 30 கேள்விகள், தமிழிலும் உண்டு. கடந்த ஒரு வாரத்தைப் பற்றிக் கேட்கும். உடல் இயக்கம், அன்றாட வேலை, மனம், நினைவும் கவனமும், சமூக வாழ்வு ஆகிய ஐந்தும் ஒரு பக்கம்; சோர்வு, வலி, குமட்டல், தூக்கம், பசி, மலச்சிக்கல், பேதி, மூச்சு, பணக்கஷ்டம் இன்னொரு பக்கம்.

சோர்வுக்கு மூன்று கேள்விகள். விடை 1 (இல்லவே இல்லை) முதல் 4 (மிக அதிகம்) வரை. ஒருவர் 3, 3, 2 என்று சொன்னால் சராசரி 2.67. அதில் 1 கழித்தால் 1.67, 3-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 56. ஆறு வாரம் கழித்து 2, 2, 2 என்றால் 33. வித்தியாசம் 20-க்கு மேல் இருந்தால் நோயாளி உணரும் பெரிய மாற்றம் என்றும், 5 முதல் 10 வரை சிறிய மாற்றம் என்றும் கொள்வது வழக்கம். படிக்கும்போது கவனிக்க வேண்டியது: தொந்தரவுகளில் எண் கூடினால் நிலை மோசம், இயக்கத்தில் எண் கூடினால் நிலை நலம். செய்திகளில் இது தலைகீழாக எழுதப்படுவதுண்டு.

இந்த எண்களைப் பார்த்ததும் நம்பிவிடவும் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இன்னொருவர் கேள்வியை வாசிக்கிறார். மருமகள் பக்கத்தில் நின்று விடை சொல்கிறாள். நோயின் பெயரையே நோயாளிக்குச் சொல்லாமல் ‘கட்டி’ என்று சொல்லி வைத்த வீட்டில் மனக்கவலைக் கேள்விக்கு என்ன விடை வரும்? மிகவும் தளர்ந்தவர்கள் ஓ.பி.க்கே வருவதில்லை, அவர்கள் விடுபடுவதால் சராசரி தானாக உயர்ந்துவிடுகிறது. ஓர் ஆய்வு ‘ஓராண்டில் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது’ என்று சொன்னால், தொடக்கத்தில் எத்தனை பேர், ஓராண்டில் எத்தனை பேர் என்று முதலில் பாருங்கள்.

வினாத்தாளில் விழாத தொந்தரவுகள்

விரல் நுனி. பேக்லிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் கை கால் விரல்களில் மரமரப்பை உண்டாக்கும். சி30-இல் இதற்குத் தனிக் கேள்வி இல்லை; வேறு துணைத்தாள் வேண்டும். பீடி இலையை மடித்து நூல் கட்டுவதும், ஷூ மேல்தோலைத் தையல் ஊசிக்குக் கீழே நகர்த்துவதும் விரல் நுனி உணர்வை நம்பிய வேலைகள். ஆயிரம் பீடி சுற்றியவர் அறுநூறோடு நின்றால் அது அவருக்கு வருமான நோய். பட்டன் போட முடியவில்லை, காசு கையில் நிற்பது தெரியவில்லை என்பதைக் கீமோ நடக்கும்போதே சொல்ல வேண்டும். டோஸைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அப்போதுதான் வழி உண்டு. முடிந்த பிறகு போடும் சத்து ஊசிகளுக்கு ஆதாரம் இல்லை.

கை வீக்கம். அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்த பக்கக் கையில் நிணநீர் தேங்கும். யானைக்கால் கையில் வந்துவிட்டதா என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கம் உண்டு, இது வேறு. மணிக்கட்டு, முழங்கைக்கு 10 செ.மீ. கீழே, 10 செ.மீ. மேலே என மூன்று இடத்தில் தையல் டேப்பால் இரண்டு கையையும் மாதம் ஒரு முறை அளந்து எழுதி வைத்தால் போதும், 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் காட்ட வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. அழுத்த உறையைக் காலையில் வீக்கம் ஏறும் முன் போட வேண்டும், இரவில் கழற்ற வேண்டும். மே மாத வேலூரில் அதைப் பகல் முழுக்கப் போடச் சொல்வது எளிது, போடுவது கடினம். வேலை நேரத்துக்காவது போடுவது, இரண்டு உறை வைத்துத் தினம் துவைத்து மாற்றுவது என்பதே நடைமுறை. ‘குடமே தூக்கக் கூடாது’ என்ற பழைய அறிவுரை மாறிவிட்டது. பாரத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பழகினால் வீக்கம் அதிகமாவதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆபரேஷனுக்குப் பின் சுவரில் விரலை ஏற்றும் பயிற்சியை விட்டுவிட்டால் கை தலைக்கு மேல் போகாது; கை மேலே போகாவிட்டால் கதிர்வீச்சுக்குப் படுக்க வைக்கவே முடியாது.

வாய். கழுத்துக்கும் வாய்க்கும் கரண்ட் வைத்தவருக்கு உமிழ்நீர் வற்றும், தாடை இறுகும். நிமிர்த்திய மூன்று விரல் உள்ளே போவது இயல்பு, 35 மி.மீ.க்குக் கீழ் போனால் சிகிச்சை தேவை. ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித் தாடைக்குள் வைத்துப் பழகும் பயிற்சிதான் மலிவானது, தினம் பல முறை செய்ய வேண்டியது. ஆடும், சொத்தைப் பற்களைக் கதிர்வீச்சுக்கு இரண்டு வாரம் முன்பே பிடுங்கிவிட வேண்டும். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. வேறு ஊரில் பல் வைத்தியரிடம் போனாலும் கழுத்தில் கரண்ட் வைத்ததை முதலில் சொல்ல வேண்டும். கேழ்வரகுக் களி விழுங்கிப் பழகிய நாக்குக்கு அது இப்போது தொண்டையில் ஒட்டும். அதே கேழ்வரகைக் கூழாக்கி மோர் ஊற்றினால் இறங்கும். ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறை தைராய்டு ரத்தப் பரிசோதனை வேண்டும். ‘கேன்சருக்குப் பிறகு ஒரே அசதி’ என்பதில் ஒரு பகுதி மாத்திரையில் தீரும் தைராய்டுக் குறைவாக இருக்கும்.

அடிவயிறு. இதைப் பற்றி எந்த ஓ.பி.யிலும் பேச்சு எழுவதில்லை. கதிர்வீச்சுக்குப் பின் பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். புண் ஆறியதும் வாரம் இரண்டு மூன்று முறை ஜெல் தடவி டைலேட்டர் (பாதையை விரித்து வைக்கும் குழல்) வைத்துவந்தால் பாதை திறந்திருக்கும். தாம்பத்தியத்துக்கு மட்டும் இல்லை, நோய் திரும்பியதா என்று மருத்துவர் பார்க்கவும் அது வேண்டும், விதவைக்கும் வேண்டும். சில மாதம் கழித்து மலத்தோடு ரத்தம் வந்தால் மூலம் என்று நினைத்துப் பேருந்து நிலையச் சுவர் விளம்பரத்தைப் பார்த்து ஊசி போட்டுக்கொள்ளப் போகிறார்கள். கதிர்வீச்சு பட்ட குடலில் ஊசியோ வெட்டோ பட்டால் ஆறாத புண்ணும் ஓட்டையும் வரலாம். கரண்ட் வைத்த மருத்துவமனைக்கே திரும்பப் போக வேண்டும்.

பணம்: 28-ஆவது கேள்வி

சி30-இல் பணக்கஷ்டத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது, 28-ஆவது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. கூட வந்தவரின் சாப்பாடும் அறை வாடகையும் இரண்டு பேரின் கூலி இழப்பும் அதில் வராது. அந்த ஓட்டையில் கொஞ்சத்தை அடைக்க இரண்டு வழிகள் உள்ளன, தெரிந்தவர் குறைவு.

ஷூ கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள் என்றால், சாதாரண நோய்ப்படி கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. அது தீர்ந்தபின் நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி உண்டு. பட்டியலில் உள்ள 34 நோய்களில் புற்றுநோயும் ஒன்று. கூலியில் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். குறைந்தது இரண்டு ஆண்டு காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், அந்தக் காலத்தில் 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நோய் தெரிந்ததும் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விடும் பெண்கள் இந்த உரிமையைத்தான் கையெழுத்துப் போட்டு இழக்கிறார்கள். ராஜினாமா வேண்டாம், மருத்துவச் சான்றோடு விடுப்பு.

ரயிலில், சிகிச்சைக்கோ மறு பரிசோதனைக்கோ போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை; கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதச் சலுகை. மருத்துவமனை தரும் படிவத்தில் மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். காட்பாடியில் இறங்கும் வெளியூர்க்காரர் பலர் இதை வாங்கி வருகிறார்கள். இங்கிருந்து சென்னைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் புறப்படும் முன் மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய படிவம் அது.